நுவரெலியா ஹோட்டல் அறை: அட்வான்ஸ் போடுறதுக்கு முந்தி என்னென்ன கேட்கணும்?

மல்லியப்பு சந்தி:
மட்டக்களப்பிலிருந்து சொந்தக்காரங்க ஆறு பேர் வாராங்க. பெரியவங்க நாலு, எட்டு வயசுலயும் நாலு வயசுலயும் ரெண்டு பிள்ளைங்க. பெரியவங்கள்ல ஒருத்தங்க 70 தாண்டின அம்மா, முழங்கால் வருத்தம். நுவரெலியாவுல ரெண்டு ராத்திரி, கண்டியில ஒரு ராத்திரி, ஜனவரி கடைசி. அறை ஒண்ணுக்கு 15,000 ரூபா சொச்சம் தான் கணக்கு, ரெண்டு அறை. படத்துல பார்த்தா எல்லா ஹோட்டலும் ஒரே வெள்ளை பெட்ஷீட், அன்னப்பறவையா மடிச்ச துவாய். போன்ல என்ன கேட்டா உள்ளது வெளியில வரும்?

பனிக்காலை:
ஜனவரி கடைசின்னா குளிரோட உச்சம். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில விடியற்காலை புல்லு மேல உறைபனி படியிற நாளும் உண்டு. மட்டக்களப்புக்காரங்களுக்கு அது வேற நாடு.

அதனால நட்சத்திரம், வியூ, வைஃபை எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளுங்க. இந்த விலைக்கு முதல்ல சுடுதண்ணி, அடுத்தது ஈரம், மூணாவது படி. அம்மா வாரதால படி ரெண்டாவதுக்கே வரலாம்.

"ஹொட் வாட்டர் இருக்கா"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்ற ஹோட்டல் ஊர்லயே கிடையாது. "எதுல சூடாக்குறீங்க? அறைக்கு ஒண்ணா, மாடிக்கே ஒண்ணா? எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்?" அப்படின்னு கேளுங்க. பதில் டக்குனு வந்தா பிரச்சினை இல்லை. "இருங்க கேட்டுச் சொல்றேன்"னு போனை வச்சாலும் தப்பில்லை, கேட்டுட்டு வந்து சொன்னா நல்ல ஆள். "எல்லாம் இருக்கு சேர், வாங்க சேர்"னு மட்டும் வந்தா அடுத்த நம்பரைப் பாருங்க.

குழாய்க்காரன்:
பனிக்காலை கேட்கச் சொன்ன முதல் கேள்விக்கு நாலு விதமா பதில் வரலாம். ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு தெரிஞ்சா தான் கேட்டதுக்குப் பயன்.

சின்ன இன்ஸ்டன்ட் பெட்டி, ஷவர் பக்கத்துல சுவத்துல மாட்டினது. பெரும்பாலும் 3.5 கிலோவாட். கண்டிக்கு இது போதும், நுவரெலியாவுக்குப் போதாது. காரணம் வெறும் கணக்கு. 3.5 கிலோவாட்டால நிமிசத்துக்கு 2 லீற்றர் தண்ணியை 25 பாகை தான் கூட்ட முடியும். நுவரெலியாவுல ராத்திரி குழாய்த் தண்ணி 15 பாகை அளவுல வந்தா 40 பாகை கிடைக்கும், ஆனா நிமிசத்துக்கு 2 லீற்றர்ங்கிறது நூல் மாதிரி ஓடுற தண்ணி. கொஞ்சம் கூடத் திறந்து 3 லீற்றர் ஆக்கினா 32 பாகைக்கு இறங்கிடும். "சுடுதண்ணி வருது, ஆனா குளிருது"ன்னு விருந்தாளி சொல்றது இதைத் தான். பெட்டியில பழுது இருக்காது. மாத்தித் தந்தாலும் அதே கதை தான்.

தொட்டி வச்ச கீசர், 30 அல்லது 50 லீற்றர். நடுத்தர ஹோட்டலுக்கு இதான் நம்பிக்கையானது. 30 லீற்றர் தண்ணி 60 பாகையில இருந்து, 15 பாகைப் பச்சைத் தண்ணியோட கலந்து 40 பாகை ஆக்கினா 54 லீற்றர் வரும். நிமிசத்துக்கு 8 லீற்றர் விடுற ஷவர்ல ஏழு நிமிசம் கூடத் தாங்காது. திரும்பச் சூடாக 1.5 கிலோவாட் கொயிலுக்கு ஒரு மணித்தியாலம் வேணும். மூணு பேர் உள்ள அறையில மூணாவது ஆள் கத்துறது இதனால தான்.

மொட்டைமாடி சோலார். பகல் வெயில் இருந்தா சாயந்தரம் ஆறு மணிக்கு அருமையான தண்ணி. மூணு நாள் மூடுபனின்னா பச்சைத் தண்ணி. சோலார்னு சொன்னா அடுத்த கேள்வி "பேக்அப் கொயில் இருக்கா, ராத்திரி போட்டு வைக்கிறீங்களா?" கொயில் இல்லாத தொட்டி குறைவு. கரண்ட் பில்லுக்குப் பயந்து சுவிட்சை அணைச்சு வச்சிருக்கிறது தான் வழக்கம்.

நாலாவது, மாடிக்கே அல்லது கட்டடத்துக்கே ஒரு பொய்லர். இதுல குறை தூரம். 15 மில்லிமீற்றர் குழாய்ல 20 மீற்றருக்கு மூணரை லீற்றர் ஆறின தண்ணி நிக்கும். அதுவரைக்கும் பச்சைத் தண்ணி வாரது நியாயம், ஒரு நிமிசம் பொறுக்கலாம். அஞ்சு நிமிசம் விட்டும் வரலைன்னா பொய்லர் ஓடலை, இல்லைன்னா குழாய்க்கு உறை போடலை. பொய்லர் நேரம் வச்சுத் தான் ஓடும், காலை 5 தொடக்கம் 9, மாலை 6 தொடக்கம் 10 மாதிரி. அந்த நேரத்தை வாங்கிக்கொள்ளுங்க.

வேன் சாரதி:
சோலாரை ஒரேயடியா ஒதுக்க வேணாம் அண்ணே. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் சோலார் சக்கையா வேலை செய்யும். தென்மேற்கு மழை ஹட்டன், நுவரெலியாப் பக்கமே கொட்டித் தீர்த்துடும், அந்தப் பக்கம் காஞ்ச காத்து தான்.

குழாய்க்காரன்:
சரிதான் தம்பி. ஆனா இவங்க வாரது ஜனவரியில. அப்போ பதுளைப் பக்கம் தான் மழை பெய்யுற இடம். நல்லதண்ணிங்கிற அடிவார ஊர்ல, சிவனொளிபாத மலை சீசனுக்கும் இதைச் சேர்த்துச் சொல்றேன். ராத்திரி ஒரு மணிக்கு எழும்பி மலையேறப் போற ஆளுக்கும், காலையில கால் வலியோட இறங்கி வாரவங்களுக்கும் வெறும் சோலார் உதவாது.

மல்லியப்பு சந்தி:
மிக்ஸர்ல சூடு பக்கம் திருப்பினாலும் பச்சைத் தண்ணி தான் வருதுன்னு சிலர் சொல்றாங்களே, அதுவும் கீசர் பிழையா?

குழாய்க்காரன்:
பாதி நேரம் இல்லை. பச்சைத் தண்ணி பம்ப் அழுத்தத்துல வரும், சுடுதண்ணி மேல் தொட்டியில இருந்து சும்மா இறங்கி வரும். ரெண்டையும் சேர்த்துத் திறந்தா பச்சைத் தண்ணி சுடுதண்ணியைக் குழாய்க்குள்ளேயே தள்ளி அடைச்சிடும். சூட்டை முழுசாத் திறந்து, ஆவி வந்த பிறகு பச்சையை மயிரிழை மயிரிழையாத் திறக்கணும். பிள்ளைங்களை நிப்பாட்ட முந்தி கையை விட்டுப் பாருங்க, 60 பாகைத் தண்ணி சில விநாடியில தோலை உரிச்சிடும்.

இன்னொண்ணு. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டி, புகை வெளியில போகக் குழாய் இல்லாம இருந்தா அந்த அறையை எடுக்கவே வேணாம். கதவு, ஜன்னலைச் சாத்திக் குளிக்கிறப்போ காபன் மொனொக்சைட் சேரும். வாசனை கிடையாது. தலை வலிச்சு, தூக்கம் மாதிரி வந்து, ஆள் விழுந்துடுவாங்க.

வயர்மேன்:
அதே எச்சரிக்கை கரிச்சட்டிக்கும். குளிருதுன்னு கேட்டா சில சின்ன இடங்கள்ல தணல் போட்டு அறைக்குள்ள கொண்டுவந்து வைப்பாங்க. பாசத்துல செய்றது தான், ஆனா பூட்டின அறையில அது ஆளைக் கொல்லும். புகைபோக்கி உள்ள கணப்படுப்பு வேற, அதுக்கு விறகுக்குத் தனிக் காசு வாங்குவாங்க.

மின்சார ஹீட்டரைப் பத்தி மூணு விசயம் கேளுங்க: அறை விலைக்குள்ளயா தனிக் காசா, எண்ணெய் ஹீட்டரா காத்து ஹீட்டரா, எந்த சொக்கெட்.

மூணாவது தான் பெரும்பாலானவங்க கேட்காதது. 2,000 வாட் ஹீட்டர் நம்ம 230 வோல்ட்டுல 8.7 அம்பியர் இழுக்கும். பழைய கட்டடத்துல கட்டில் பக்கத்துல இருக்கிறது 5 அம்பியர் உருண்டைக் கால் சொக்கெட். அதுல அடப்டர் போட்டு ஹீட்டரைக் குத்தினா ஒரு மணித்தியாலத்துல பிளக் கால் பழுத்துடும், சொக்கெட் முகம் மஞ்சளாகி உருகத் தொடங்கும். 15 அம்பியர் பெரிய உருண்டைக் கால் அல்லது 13 அம்பியர் சதுரக் கால் சொக்கெட்டுல நேரடியாக் குத்தணும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது, அதுவும் சுருட்டி வச்ச வயர் வேணவே வேணாம். போட்டு அரை மணித்தியாலம் கழிச்சு சுவிட்சை அணைச்சுட்டுப் பிளக்கைப் பிடிச்சுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியலைன்னா ரிசெப்ஷனுக்குச் சொல்லி அறையை மாத்துங்க.

காத்து ஹீட்டர் பத்து நிமிசத்துல சூடாக்கும், அணைச்ச உடனே போயிடும், சத்தமும் வரும். எண்ணெய் ஹீட்டர் பிடிக்க முக்கால் மணித்தியாலம் ஆகும், ஆனா ராத்திரி முழுக்க மெதுவாத் தரும். பிள்ளைங்க உள்ள அறைக்கு எண்ணெய் தான். சாப்பிடப் போறதுக்கு முந்தி போட்டுட்டுப் போகணும், படுக்கப் போறப்போ போட்டா தூங்கின பிறகு தான் சூடு வரும்.

ஹீட்டரும் கீசரும் ஒண்ணாப் போட்டா ட்ரிப் சுவிட்ச் விழுற அறை ஏராளம். ஜெனரேட்டர் இருக்குன்னு சொல்ற இடத்துலயும் அது பல்புக்கும் டீவிக்கும் தான், கீசரை அதுல கொடுக்க மாட்டாங்க. கரண்ட் போனா என்னென்ன ஓடும்னு கேளுங்க.

பெட்ஷீட் 42:
ஹவுஸ்கீப்பிங் பக்கத்துல இருந்து. ஈரத்தைப் போன்ல கண்டுபிடிக்க முடியாது, ஆனா ஒரு கேள்வி உதவும்: "இந்த அறைக்குக் காலை வெயில் விழுமா?" நுவரெலியாவுல வெயில் விழாத அறையும், மலைச் சரிவை வெட்டி முதுகைச் சேர்த்துக் கட்டின அறையும் வருசம் பூராவும் வேர்க்கும். மண்ணுல இருந்து சுவத்துக்குள்ள ஈரம் ஏறும், எத்தனை தரம் பெயின்ட் அடிச்சாலும் கொப்புளிச்சு உரியும்.

உள்ளே போனதும் ஜன்னல் திரையோட கீழ்க்கரையைத் திருப்பிப் பாருங்க. முன்பக்கம் சலவைக்காரன் வெளுத்திருப்பான். பின்பக்கத்து உறைத்துணியில ஊசி முனை அளவு கறுப்புப் புள்ளி கூட்டமா இருந்தா அது பூஞ்சணம், அறை பல மாசமா ஈரத்துல கிடக்குன்னு அர்த்தம். அலுமாரிக் கதவைத் திறந்து மூக்கை விடுங்க. நனைஞ்ச கோணிச் சாக்கு வாசனை வந்தா தலையணையிலயும் அது இருக்கும். கற்பூர உருண்டை வாசனை தூக்கலா வந்தாலும் சந்தேகப்படுங்க, ஒண்ணை மறைக்கத் தான் இன்னொண்ணு.

மெத்தை குளிர்ந்திருக்கா நனைஞ்சிருக்கான்னு தொட்டுச் சொல்றது கஷ்டம். கம்பளிக்குள்ள புறங்கையை வச்சு அரை நிமிசம் அசையாம இருங்க. காஞ்ச துணின்னா கைச்சூட்டுல வெதுவெதுன்னு ஆகும். ஈரத் துணி எவ்வளவு நேரம் ஆனாலும் சில்லுன்னே இருக்கும். அப்படி இருந்தா பேக்கைத் திறக்காமலே அறை மாத்தக் கேளுங்க. கட்டிலைக் கலைச்ச பிறகு கேட்டா எங்களுக்கு ரெண்டு அறை வேலை, முகம் சுளிக்கத் தான் செய்வாங்க.

விருந்தாளி தானே உண்டாக்குற ஈரமும் உண்டு. நாலு பேர் பூட்டின அறையில எட்டு மணித்தியாலம் தூங்கினா மூச்சாலயும் வேர்வையாலயும் ஒரு லீற்றருக்கு மேலயே தண்ணி காத்துல சேருது. அது குளிர்ந்த கண்ணாடியில படிஞ்சு, வடிஞ்சு, ஜன்னல் பலகையில குளமாகும். அதோட பிள்ளைங்க உடுப்பை ஹீட்டர் மேல காயப்போட்டா முடிஞ்சது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைங்க, குளியலறைக் கதவைச் சாத்தி வைங்க. துவாய் அங்கே ஒரே நாள்ல காயாது, ரெண்டாம் நாளுக்குக் காஞ்சது கேட்டு வாங்குங்க. சுற்றுச்சூழலைக் காக்கிற அட்டை தொங்குதேன்னு கூச்சப்பட வேணாம்.

துவாய்ன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. மஞ்சள், குங்குமம், தலைச்சாயம், நல்லெண்ணெய் நாலும் வெள்ளைத் துணியில போகாது, கடைசியில "டேமேஜ்"னு பில்லுல ஏறும். அம்மா எண்ணெய் வைக்கிறவங்கன்னா பழைய துவாய் ஒண்ணு கேட்டுத் தலையணை மேல போட்டுக்கொள்ளட்டும். கேட்டா தருவோம், எங்களுக்கும் அது லாபம்.

ஒற்றைப்பனை:
வாவிக்கரை அறை நல்லதா, மேட்டு அறை நல்லதா?

பனிக்காலை:
படத்துக்கு வாவிக்கரை, தூக்கத்துக்கு மேடு. குளிர் காத்து கனமானது, ராத்திரி சரிவுல வழிஞ்சு வந்து கிரகரி வாவியைச் சுத்தின பள்ளத்துல தேங்கும். கொஞ்சம் மேல இருக்கிற இடத்துல விடியக்காலை ரெண்டொரு பாகை கூட இருக்கும். ஆனா மேடுன்னா படி.

வேன் சாரதி:
படி விசயத்துல ஏமாறாதீங்க. மலைநாட்டுல "கிரவுண்ட் ஃப்ளோர்"னு சொன்னா ஒண்ணும் சொன்னதா ஆகாது. ரோடு மேல போகும், கட்டடம் சரிவுல கீழ இறங்கும், ரிசெப்ஷன் நாலாம் மாடி, அறை முதலாம் மாடி, நடுவுல நாப்பது படி. இன்னும் சில இடத்துல வாகனம் நிக்கிற இடத்துக்கும் வாசலுக்குமே இருபது படி. "எத்தனையாவது மாடி"ன்னு கேட்காதீங்க. "வேன்ல இருந்து இறங்கி அறைக் கட்டில் வரைக்கும் எத்தனை படி, சாப்பாட்டு ஹோலுக்கு எத்தனை படி" அப்படின்னு கேளுங்க. லிஃப்ட் இருக்குன்னா அது எந்தத் தளத்துல இருந்து எந்தத் தளம் வரைக்கும்னும் கேளுங்க.

வேன்ல வந்தா டிரைவர் ரூம். பல ஹோட்டல்ல சாரதிக்கு இலவசமாக் கட்டில், சாப்பாடு. சிலதுல காசு. சிலதுல ஒண்ணுமே இல்லை, மனுசன் வேனுக்குள்ள சுருண்டு கிடந்துட்டு அடுத்த நாள் உங்களை றம்பொடை வளைவுல இறக்கணும். இதை முந்தியே பேசுங்க. கண்டியில இருந்து நுவரெலியாவுக்கு 75 கிலோமீற்றர் சொச்சம் தான், ஆனா மூணு மணித்தியாலம் வைங்க. மாலை நாலுக்குப் பிறகு மூடுபனி இறங்கினா அதுவும் போதாது. ரயில்ல வந்தா இறங்குறது நானுஓயா, டவுனுக்கு இன்னும் எட்டொன்பது கிலோமீற்றர். ஹோட்டல் வாகனம் அனுப்புமா, எவ்வளவுன்னு சேர்த்துக் கேளுங்க.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மழையில மலைநாட்டு ரோடும் ரயில் பாதையும் எப்படி உடைஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். ரயில் ஓடுதான்னு போற கிழமையில விசாரிச்சே ஆகணும். மழை நாள்ல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு அறிவிக்கும். சிவப்புன்னா அந்த இடத்தை விட்டு எழும்பணும்னு அர்த்தம். அப்படி ஒரு நாளுக்கு ஹோட்டல் காசைத் திருப்புமா, திகதியை மாத்தித் தருமான்னு அட்வான்ஸ் போடுறப்போவே எழுத்துல வாங்குங்க.

கணக்கப்பிள்ளை:
விலையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

15,000 என்று சொல்வது "நெட்" விலையா, "பிளஸ் பிளஸ்" விலையா? பிளஸ் பிளஸ் என்றால் 10 வீதம் சேவைக் கட்டணம், பெறுமதி சேர் வரி எனப்படும் வற், இரண்டும் மேலே ஏறும். வற் 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். இரண்டும் சேர்ந்தால் 28 வீதத்துக்குக் குறையாது, ஆகவே 15,000 ரூபா அறை 19,200 ஆவது நிச்சயம். இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் வித்தியாசம் மட்டும் 16,800 ரூபா. வற் பதிவு இல்லாத சிறிய இடம் வற் அறவிட முடியாது. பில்லில் வற் என்று போட்டிருந்தால் பதிவிலக்கமும் இருக்க வேண்டும், பாருங்கள்.

சேவைக் கட்டணம் ஊழியருக்குப் பொயின்ட் கணக்கில் பிரிப்பதற்காக வாங்குவது. அது பில்லில் இருக்கும்போது டிப்ஸ் கட்டாயமில்லை. பை தூக்கி நாற்பது படி ஏறியவருக்குக் கையில் கொடுப்பது வேறு விசயம்.

இணையத் தளங்களில் டொலரில் தெரிவது பெரும்பாலும் வெளிநாட்டவர் விலை. இலங்கையருக்கு ரூபாவில் தனி விலை வைத்திருப்பார்கள், தொலைபேசியில் கேட்டால் தான் வரும். எல்லாருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள். கூட்டத்தில் ஒருவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அவர் அறைக்கு வெளிநாட்டு விலை போடும் இடங்களும் உண்டு, முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள்: ஆறு வயதுக்குக் கீழே இலவசம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பாதி என்பது பரவலான வழக்கம். ஆனால் "இலவசம்" என்பது பெற்றோர் கட்டிலில் படுத்தால் மட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மேலதிகக் கட்டில் வருமா, வெறும் மெத்தை தரையில் வருமா என்று கேளுங்கள். அந்தக் குளிரில் தரை மெத்தை வேண்டாம்.

ஹாஃப் போர்ட் என்றால் வழக்கமாக வந்திறங்கிய அன்று இரவுச் சாப்பாடும் மறுநாள் காலைச் சாப்பாடும். மத்தியானம் போய் இறங்கி "சாப்பாடு எங்கே" என்று நிற்கும் குடும்பங்கள் நிறைய.

அட்வான்ஸ் போடும் கணக்கு ஹோட்டல் பெயரிலோ கம்பனி பெயரிலோ இருக்கிறதா பாருங்கள். தனிநபர் பெயர் என்றால், வலைத்தளத்தில் உள்ள தரைவழித் தொலைபேசிக்கு எடுத்து உறுதிப்படுத்திய பிறகு போடுங்கள்.

பனிக்காலை:
கணக்கப்பிள்ளை சொன்னதுல ஒண்ணு கூட்டணும். ஏப்ரல் சீசன்ல இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், வருசப் பிறப்பு லீவு எல்லாம் ஒரே மாசம். அப்போ ஒரு ராத்திரிக்குக் கொடுக்கவே மாட்டாங்க. ஜனவரியில வார நாள்ல வந்தா பேரம் பேசலாம், விலை குறைக்கலைன்னா ஹீட்டரை இலவசமாக் கேளுங்க. போயா வார நீண்ட லீவுல பேச முடியாது.

சைவக்கரண்டி:
சீதா எலிய கோயில், றம்பொடை ஆஞ்சநேயர் கோயில் போறவங்கன்னா சைவம் தானே சாப்பிடுவாங்க. "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா போதாது. தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில சமையல்ல பருப்பு வரைக்கும் மாசி, அதாவது காஞ்ச மீன் துண்டு, போடுவாங்க. அது பழக்கம், குசினியில யாரும் அதை மீனாவே நினைக்கிறதில்லை. "மாசி, கருவாடு, முட்டை எதுவும் வேணாம், சம்பலைத் தனியா இடிச்சுத் தாங்க"ன்னு முதல் நாள் ராத்திரியே சொல்லணும். காலையில ஏழு மணிக்குச் சொன்னா சம்பல் ஏற்கனவே இடிச்சாச்சு.

புஃபேன்னு எழுதியிருந்தாலும் ஆள் குறைஞ்ச நாள்ல தட்டு எடுத்துத் தான் தருவாங்க. அது பெரும்பாலும் நல்லது. ஏழு மணியில இருந்து ஆவித் தட்டுல கிடந்த இடியாப்பத்தை விட, கேட்ட பிறகு அவிக்கிறது மேல்.

தேத்தண்ணி. அந்த உயரத்துல தண்ணி 94 பாகையிலேயே கொதிச்சிடும், அதனால சாயம் இறங்க ஒரு நிமிசம் கூட வைங்க. ஜன்னலைத் திறந்தா தோட்டம், மேசையில தூசி டீபேக், இதுக்கு யாரைக் கேட்கிறது.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறாங்கன்னா காலைச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு முந்தி வெளிக்கிடணும், ஒன்பது பத்துக்கெல்லாம் உலக முடிவுங்கிற மலை விளிம்பை மேகம் மூடிடும். கட்டுறப்போ பொலிதீன் வேணாம்னு சொல்லுங்க, வாசல்ல பையைத் திறந்து பார்த்து எடுத்துடுவாங்க. வாழையிலை, காகிதம், டப்பா பரவாயில்லை. நாலு வயசுப் பிள்ளைக்கு அந்த ஒன்பது கிலோமீற்றர் சுத்து நடக்காது, தோள்ல தான்.

மல்லியப்பு சந்தி:
அவங்க இன்னும் முடிவு பண்ணலை. கண்டிக்கு என்ன பார்க்கணும்?

போகம்பரை:
கண்டி 500 மீற்றர் தான், குளிர்ப் பிரச்சினை இல்லை. மின்விசிறி, கொசுவலை, சத்தம். வாவியைப் பார்த்த அறைன்னா ரோட்டையும் பார்த்த அறை, பஸ் ஹோர்ன் அஞ்சு மணிக்கே தொடங்கும். சனி, ஞாயிறுன்னா "அன்னைக்குக் கலியாணம் இருக்கா"ன்னு கட்டாயம் கேளுங்க. இந்த விலை ஹோட்டல்களோட வருமானம் மண்டபத்துல தான். கலியாண நாள்ல பார்க்கிங் கிடைக்காது, லிஃப்ட் கிடைக்காது, பைலா பாட்டு சுவத்தால வரும். உடவத்தைக் காட்டுப் பக்கத்து அறைன்னா பல்கனிக் கதவைப் பூட்டிட்டு வெளிக்கிடுங்க, குரங்கு உள்ள வந்தா பிஸ்கட்டோட கண்ணாடி, மருந்துப் பை எல்லாம் போகும். தலதா மாளிகையில மாலைப் பூசை ஆறரைக்கு, நடக்கிற தூரத்துல அறை எடுத்தா அம்மாவுக்கு லேசு.

பெரஹெரா நாள்ல இதெல்லாம் வேற கதை, ஜனவரிக்குத் தேவையில்லை.

பனிக்காலை:
பேசினதை வட்ஸ்அப்புல எழுத்தா வாங்குங்க. இதை அப்படியே அனுப்பலாம்:

"ஜனவரி இத்தனாம் திகதி, இரண்டு இரவு, இரண்டு அறை. பெரியவர் 4, பிள்ளைகள் 8 வயது, 4 வயது. காலைச் சாப்பாட்டுடன், எல்லா வரியும் சேவைக் கட்டணமும் உட்பட மொத்தம் இத்தனை ரூபா. இரண்டு அறையிலும் தனித்தனி கீசர், மாலை 6 முதல் காலை 9 வரை. அறைக்கு ஒரு ஹீட்டர், ஆளுக்கு இரண்டு கம்பளி. வாகனத்திலிருந்து அறைக்கு 5 படிக்கு மேல் இல்லை. சாரதிக்கு அறை உண்டு. சரியா என்று உறுதிப்படுத்தவும்."

"ஓகே"ன்னு வந்தா போதும். பிறகு அறையில ஏதாவது பிழைச்சா வாக்குவாதம் வேணாம், இதைக் காட்டினா போதும். டியூட்டி மெனேஜரைக் கேளுங்க, ரிசெப்ஷன்ல நிக்கிற பிள்ளைக்கு அறை மாத்த அதிகாரம் இருக்காது. குறையைத் தங்குற ராத்திரியே சொல்லணும். காலையில பில்லு நேரத்துல சொன்னா ஒரு ப்ளேன்டீயும் மன்னிப்பும் தான் மிஞ்சும்.

கணக்கப்பிள்ளை:
அதற்கும் அசையாவிட்டால் தொலைபேசியில் முறையிடுங்கள்: சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கு 1912, விலை மோசடி என்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977. பதிவு செய்த இடமா என்று முன்பே பார்ப்பது அதைவிடச் சுலபம், பதிவுச் சான்றிதழை ரிசெப்ஷன் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

மல்லியப்பு சந்தி:
மூணு இடத்துக்கு எடுத்தாச்சு. ஒண்ணு "எல்லாம் இருக்கு சேர்" கேஸ். இன்னொண்ணு சோலார், பேக்அப் ராத்திரி போட மாட்டாங்களாம், நேர்மையாச் சொன்னாங்க. மூணாவது பதுளை வீதிப் பக்கம், மூணு படி தான், அறைக்கு ஒரு 30 லீற்றர் கீசர், ஹீட்டருக்குத் தனிக் காசு இல்லை. அறைக்கு மூணு பேர். குழாய்க்காரன் அண்ணே கணக்குப்படி 54 லீற்றர் தானே, எப்படிச் சமாளிக்கிறது?

குழாய்க்காரன்:
ஷவரை மறந்துடுங்க. ரிசெப்ஷன்ல ஒரு வாளியும் கோப்பையும் கேளுங்க. 18 லீற்றர் வாளின்னா 54 லீற்றருக்குச் சரியா மூணு வாளி, ஆளுக்கு ஒண்ணு. மூணு பேரும் அடுத்தடுத்துக் குளிச்சு முடிக்கணும், அம்மா முதல்ல. கீசரை ஒரு மணித்தியாலம் முந்தியே போட்டு, சிவப்பு லைட் அணைஞ்ச பிறகு தான் குழாயைத் திறக்கணும். வயர்மேன் சொன்னதையும் பாருங்க, கீசர் ஓடுறப்போ ஹீட்டரை அணைச்சு வைங்க.

வயர்மேன்:
குளிச்சு முடிச்ச கையோட கீசரை அணைச்சுட்டு ஹீட்டரைப் போடலாம்.